மூட்டத்துக்குள் சொன்ன பெயர்

கொடைக்கானல் மலை ரோட்டில் ஊத்து என்கிற ஊர் தாண்டியதும் நான் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிப் பேச ஆரம்பித்துவிடுவேன். முணுமுணுப்பு இல்லை, நல்ல சத்தமான பேச்சு. முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிற பட்டணத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். இந்த டிரைவரை நம்பியா மலை ஏறுகிறோம் என்று அவர்கள் கண் கேட்கும். அவர்கள் பயப்படுவதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு, அதை மறைப்பானேன். கண்டக்டர் மயில்சாமி இறங்கும் முன் அவர்களுக்குச் சமாதானம் சொல்லுவான். "அவரு அப்படித்தாங்க. மூட்டம் எறங்குனாப் பேசுவாரு. பேசுனாத்தான் வண்டி நேராப் போகும்" என்பான். அவன் விளையாட்டுக்குச் சொல்கிறான். ஆனால் அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

தரையோடு இறங்கி வந்து ரோட்டை மூடிக்கொள்ளும் மேகத்தைத்தான் நாங்கள் மூட்டம் என்போம். கீழே வத்தலக்குண்டில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். காட்ரோடு தாண்டி ஏறி, டம்டம் பாறையில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போதுகூட வானம் பளிச்சென்று இருக்கும். ஊத்துக்கு மேலே ஒரு வளைவு திரும்பினால் போதும், மலையும் இல்லை, மரமும் இல்லை, வண்டியின் மூக்கே தெரியாது. வைப்பரைப் போட்டால் கண்ணாடிதான் சுத்தமாகும். விளக்கைப் போட்டால் இன்னும் மோசம், வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே வந்து விழும். அந்த வெள்ளைக்குள் ஐந்து நிமிஷம் இருந்தால் தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடும். இருபது வருடம் ஓட்டின எனக்கே வரும்.

ஐம்பத்து மூன்றாம் வருடம் பஸ் கம்பெனி என்னையும் கண்டக்டர் சேனாதிபதியையும் ஒரே வண்டியில் போட்டது. காலையில் வத்தலக்குண்டில் எடுத்து மத்தியானம் கொடைக்கானல், அங்கே கம்பெனி அறையில் தங்கல், மறுநாள் கீழே. அப்படிப் பதினோரு வருடம். சேனாதிபதி பழனிக்காரன். தகப்பனார் காலம் வரைக்கும் மலைக்கோயிலுக்குப் பூக்கட்டிக் கொடுத்த குடும்பம். அண்ணன் அடிவாரத்தில் தேங்காய் பழத் தட்டுக் கடை வைத்திருந்தார். இவனுக்கு மட்டும் எப்படியோ காக்கிச் சட்டை மேல் ஆசை வந்துவிட்டது. ஒல்லியாக, உயரமாக, பஸ்ஸுக்குள் எப்போதும் கொஞ்சம் குனிந்தே நிற்பான். டிக்கெட்டைக் கிழிக்கும் முன் மூக்குக்கு ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்துப் பார்ப்பான். அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். என்னப்பா, மல்லிகை வாசம் வருதா என்று கேட்பேன். பூக்கட்டுகிற வீட்டுப் பிள்ளை, எதையும் மோந்துதான் பார்ப்பேன் என்பான். வண்டியே சிரிக்கும். நானும் சிரித்தேன். பதினோரு வருடம் சிரித்தேன்.

மூட்டத்தில் வண்டி ஓட்ட எங்கள் ரோட்டில் ஒரு முறை இருந்தது. கண்டக்டர் இறங்கி முன்னால் நடப்பார், டிரைவர் முதல் கியரில் அவர் பின்னால் ஊர்ந்து போவார். மற்ற வண்டிகளில் கண்டக்டர்கள் கையை ஆட்டிக்கொண்டு, விசில் ஊதிக்கொண்டு போவார்கள். சேனாதிபதி அதை ஒரு சடங்கு மாதிரி செய்வான். பையில் இதற்கென்றே நீலம் போட்டு வெளுத்த ஒரு வெள்ளைத் துண்டு வைத்திருப்பான். அதை முதுகை மறைக்கிறாற்போல விரித்து, தோளுக்கு ஒன்றாக இரண்டு ஊக்கு குத்தச் சொல்லி என்னிடம் முதுகைக் காட்டுவான். நான் குத்திவிடுவேன். பிறகு மட்கார்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டு மூட்டத்துக்குள் இறங்கிவிடுவான். ஆள் தெரிய மாட்டான், தலையும் காலும் கரைந்துவிடும். ஒரு துண்டு மட்டும் காற்றில் தானாக மேலே போய்க்கொண்டிருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்புவேன். துண்டு இடது பக்கம் போனால் நானும் இடது, நின்றால் நானும் நிற்பேன்.

நடக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் வரும்.

"பேசு வேலு."

முதல் தடவை கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னத்தைப் பேச என்றேன். என்னமாவது பேசு, நிறுத்தாமல் பேசு என்றான். சரி, வெள்ளைக்குள் தனியாக நடக்கப் பயமாக இருக்கிறது போல, பேச்சுத்துணை கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பேசுவதற்கு என்னை ஒருவர் கேட்கவும் வேண்டுமா? எங்கள் தெருவில் நான் வாயைத் திறந்தால் ஆட்கள் கதவைச் சாத்துவார்கள். இவன் ஒருவன்தான் கேட்டு வாங்கிக் கேட்டவன்.

அப்படித் தலையை வெளியே நீட்டிப் பேசிக்கொண்டே பதினோரு வருடம் மலை ஏறினேன். மாமனார் வீட்டுச் சண்டை, மாட்டுக்கு வந்த கோமாரி, தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டேன், யாருக்குப் போட்டதாகச் சொன்னேன், எல்லாம் அந்த மூட்டத்துக்குள் போயிற்று. முகம் தெரியாமல் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. வெயிலில் எதிரே உட்கார வைத்துக் கேட்டால் சொல்ல மாட்டாத விஷயங்கள் தானாக வந்து விழும். பக்கத்தில் இருக்கிற பிரயாணிகளும் அந்த நேரத்தில் கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள், கேட்க மாட்டார்கள். அவன் பதிலே சொல்ல மாட்டான். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் மட்டும் "பேசு வேலு" என்பான். பெருமாள்மலையில் மூட்டம் கலைந்ததும் ஏறி வந்து துண்டைப் பிழிவான். சொன்னது எதைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்க மாட்டான். டீ சொல்லட்டுமா என்பான்.

அன்னக்கொடியைப் பற்றி அவனிடம் சொன்னதும் அப்படித்தான். ஐம்பத்து நாலு கார்த்திகை என்று நினைக்கிறேன். செண்பகனூருக்குக் கீழே, ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பள்ளமுமாக இருக்கிற வளைவு. அன்றைக்கு ஏன் அது வாயில் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஐம்பத்து இரண்டு மாசியில், ரேவதி நட்சத்திரத்தில், எனக்கும் சண்முகவள்ளிக்கும் மூத்ததாக ஒரு பெண் பிறந்தது. பதினாறாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தோம். என்ன பெயர் என்று நான் மனசுக்குள் முடிவு பண்ணி வைத்திருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குச் சபையில் சொல்லி எல்லாரையும் அசத்த வேண்டும் என்று ஒரு அல்ப ஆசை. ஆடலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் நான் லாரி ஓட்டிய காலத்தில், ஒரு தாய் சரிவில் நின்று மகளைக் கூப்பிட்டாள். அன்னக்கொடீ என்று. அந்தக் குரல் மலை பூராவும் போய்த் திரும்பி வந்தது. யார் பெற்ற பிள்ளையோ, முகம்கூடப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு மகள் பிறந்தால் அப்படிக் கூப்பிட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

பதினோராம் நாள் குழந்தை போய்விட்டது. நான் அப்போது வண்டியில் இருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெயர் வைக்காத பிள்ளையை என்னவென்று சொல்லி அழுவது? எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். அவர்களில் பெரியவனை எல்லாரும் மூத்தவன் என்றே சொன்னார்கள். சண்முகவள்ளியும் மறுத்ததில்லை. நான் வைத்திருந்த பெயரை அவளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு இன்னொரு தடவை சாவு என்று பயந்தேன்.

இதையெல்லாம் அந்த வளைவில் மூட்டத்துக்குள் சொன்னேன். பிறந்த மாதம், நட்சத்திரம், பெயர், பதினோராம் நாள், எல்லாம். சொல்லி முடித்து நிறுத்தினேன். துண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நானும் பிரேக்கில் காலை வைத்து நின்றேன். பிறகு அங்கிருந்து வந்தது அதே வார்த்தைதான்.

"பேசு வேலு."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் பொத்தி வைத்ததைச் சொல்லியிருக்கிறேன், ஐயோ பாவம் என்று ஒரு சொல் இல்லை. அன்றைக்கு மிச்ச தூரத்துக்கு டயர் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனேன். பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

அறுபத்து நாலு ஐப்பசியில் சேனாதிபதிக்கு மஞ்சள் காமாலை கண்டது. லீவு போட்டுப் பழனிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டிலிருந்து ஆட்கள் குளித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். என் இரண்டு சாவுக்கும் நான் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இதை யார் மேல் போட்டுத் திட்டுவது என்று தெரியாமல், திரும்பி வருகிற வழியில் எதிரே வந்த ஒரு மாட்டுவண்டிக்காரனைத் திட்டினேன். அவன் பாவம், ஒதுங்கிக்கொண்டான்.

கொடைக்கானல் அறையில் அவனுடைய தகரப் பெட்டி இருந்தது. வீட்டில் சேர்க்க வேண்டியது என் பொறுப்பு. சாமான்களைச் சரிபார்க்கத் திறந்தேன். காக்கிச் சட்டை இரண்டு, விசில், சீப்பு, வெள்ளைத் துண்டு. துண்டுக்குள் ஏதோ கனமாக இருந்தது. பிரித்தால் ஒரு மூக்குக் கண்ணாடி. கண்ணாடி என்றால் சாதாரணக் கண்ணாடி இல்லை, சோடாப் புட்டியின் அடிப்பாகம் மாதிரி இருந்தது. எடுத்து என் கண்ணில் வைத்துப் பார்த்தேன். அறை சுழன்றது.

டிக்கெட் பரிசோதகர் நல்லுசாமி எங்கள் இரண்டு பேருக்கும் மூத்தவர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பார்வை மட்டு, கண்ணாடி போட்டால் வேலை போய்விடும் என்று மறைத்து வைத்திருந்தான், தனக்குத் தெரியும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை என்றார். டிக்கெட்டை மோந்து பார்த்ததெல்லாம் என் மூளைக்குள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. அப்படியானால் மூட்டத்தில் எப்படி நடந்தான் என்று கேட்டேன். நல்லுசாமி என்னை வினோதமாகப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியாதா? ஒங் குரல வச்சுத்தான். எஞ்சின் சத்தம் மலை பூராவும் கேக்கும், எங்கேயிருந்து வருதுன்னு சொல்ல முடியாது. மனுசன் குரல் ஒரே எடத்துல இருந்துதான வரும்? பாறைப் பக்கம் போன குரல் திரும்பி வருமாம், பள்ளத்துப் பக்கம் போன குரல் போனதுதானாம். அத வச்சு நடுவுல நடப்பேன்னு சொன்னான்."

நான் அவன் முதுகைப் பார்த்து ஓட்டினேன். அவன் என் குரலைக் கேட்டு நடந்தான். இரண்டு பேரில் ஒருவருக்கும் ரோடு தெரியவில்லை. நாற்பது உயிர்களை வைத்துக்கொண்டு நாங்கள் ஒருவரையொருவர் நம்பி அந்தரத்தில் போயிருக்கிறோம். அதை நினைத்துப் பயந்தது உண்மை. ஆனால் என்னை அறுத்தது அது இல்லை. பேசு வேலு, பேசு வேலு என்று அவன் கேட்டது என் பேச்சை இல்லை, சத்தத்தை. நான் நெஞ்சைத் திறந்து கொட்டிய அத்தனையும் அவனுக்கு ஒரு ஹாரன். ஹாரன் என்ன சொல்லுகிறது என்று யாராவது கேட்பார்களா? அன்னக்கொடியைச் சொன்ன அன்றைக்கும் அவன் காதில் விழுந்தது பாறையா பள்ளமா என்பது மட்டும்தான். அதனால்தான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. செத்தவன் மேல் வருகிற கோபத்துக்குப் போக்கிடம் கிடையாது. பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். பழனிக்குப் போகவில்லை. கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று.

புதுக் கண்டக்டராக மயில்சாமி வந்தான். நல்ல கண்ணுள்ளவன். மூட்டம் இறங்கினால் துண்டைப் போட்டுக்கொண்டு தயாராக நிற்பான். என்னால் முடியவில்லை. அவன் முன்னால் நடந்தால் துண்டு தெரிகிறது, ஆனால் கை ஸ்டியரிங்கைத் திருப்ப மறுக்கிறது. வாய் திறக்கவில்லை. வாய் திறக்காமல் அந்த வெள்ளைக்குள் போக என் உடம்புக்குத் தெரியவில்லை. ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, மூட்டம் கலையும் வரை உட்கார்ந்திருப்பேன். ஒரு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம். பேரிக்காய்க் கூடைக்காரர்கள் திட்டினார்கள். பெரும்பாறைக் காப்பித் தோட்டத்துக்காரர் ஒருவர் கம்பெனிக்கு எழுதிப்போட்டார். பங்குனி முதல் உன்னைக் கீழ்ரோட்டில் பெரியகுளம் வண்டிக்கு மாற்றுகிறோம் என்று மேனேஜர் சொன்னார். சரி என்றேன். மலை வேண்டாம் என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறையைக் காலி செய்யும்போது பெட்டி காலில் இடறியது. இனியும் வைத்திருக்க முடியாது. மாசி முடிய ஒரு வாரம் இருக்கும்போது அதைத் தூக்கிக்கொண்டு பழனிக்குப் பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் ஒரே ஒரு கேள்வியைத்தான் மனசுக்குள் உருட்டிக்கொண்டு போனேன். என்னைப் பற்றி வீட்டில் எதாவது பேசியிருக்கிறானா? அவன் பெண்சாதியிடம் அதை மட்டும் கேட்டுவிட வேண்டும். இல்லை என்று அவள் சொன்னால் அதோடு முடிந்தது, பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

அடிவாரத்தில் அண்ணன் கடைக்குப் பின்னாலேயே வீடு. சேனாதிபதியின் மனைவி கந்தம்மாள் வெறும் நெற்றியோடு கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். அவளை நான் அதற்கு முன் ஒரே தடவைதான் பார்த்திருந்தேன், இழவு வீட்டில், கூட்டத்துக்கு நடுவில். எழுந்து வாங்கண்ணே என்றாள். காப்பி கொடுத்தாள். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். கண்ணாடியைக் கையில் எடுத்தபோது மட்டும் கொஞ்சம் சிரித்து, முந்தானையால் துடைத்தாள். துண்டை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கேட்க வந்ததைக் கேட்க வாய் வரவில்லை. தெருவே கதவைச் சாத்துகிற வாய், அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. கிளம்புகிறேன் தங்கச்சி என்று எழுந்தேன்.

"இருங்கண்ணே, ஒண்ணு குடுக்கணும். நீங்க வராட்டி தபால்லயாவது அனுப்பணும்னு இருந்தேன்" என்று உள்ளே போனாள்.

திரும்பி வந்தவள் கையில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. காகிதத்தில் மடித்த விபூதி.

"எங்களுக்கு ஒரு வருசம் மலையேறக் கூடாதுல்ல? அதான் பக்கத்துக் கடை சிவபாக்கியத்துகிட்ட பேரும் நட்சத்திரமும் எழுதிக் குடுத்து அனுப்புனேன். அவரு இல்லேன்னு இந்த வருசம் விட்டுப்போயிரக் கூடாது பாருங்க. கொண்டுபோயிப் பிள்ளைக்குப் பூசிவிடுங்க."

எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டேன்.

"என்னங்கண்ணே இப்படிக் கேக்குறீங்க. நம்ம அன்னக்கொடிக்குத்தான். மாசி ரேவதி."

பொட்டலத்தை வாங்கின கை வாங்கினபடியே நின்றது. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனாள். வருடா வருடம் மாசி ரேவதிக்கு என்ன ஆனாலும் லீவு எடுத்து வந்துவிடுவாராம். வெள்ளனே குளித்து, அண்ணன் கடையிலேயே தட்டு வாங்கிக்கொண்டு, படியேறிப் போய் அந்தப் பேருக்கு ஒரு அர்ச்சனை. யாருக்கு என்று இவள் கேட்டதற்கு, வேலுச்சாமி மகள், நம்ம பிள்ளை மாதிரி என்றாராம். மாசியில் ஒரு நாள் ஒற்றைக்காலில் நின்று லீவு வாங்குவான் சேனாதிபதி, அது எனக்குத் தெரியும். மாற்றுக் கண்டக்டர்களோடு மல்லுக்கட்ட முடியாமல் நான் ஒவ்வொரு வருடமும் எரிந்து விழுவேன். ஊரில் சோலி கெடக்கு வேலு என்பான். அவ்வளவுதான் சொல்லுவான்.

"இப்போ பதிமூணு வயசு இருக்குமே. பெரிய மனுசி ஆயிட்டாளா? ஆனதும் மறக்காமச் சொல்லி விடுங்க. தாய்மாமன் சீரு நாந்தான் செய்வேன்னு அவரு சொல்லி வச்சிருந்தாரு. அவரு இல்லேன்னாலும் நான் வந்து செய்வேன்" என்றாள் கந்தம்மாள்.

"சொல்லி அனுப்புறேன், தங்கச்சி" என்றேன்.

"நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா."

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. தெருவுக்கு வந்து, சரவணப் பொய்கைப் பக்கம் போகிற கூட்டத்தோடு கூட்டமாக நடந்தேன். அழுதுகொண்டே நடந்தேன். மொட்டை போட்டவர்களும் காவடி தூக்கினவர்களும் போகிற ஊரில் ஒரு ஆள் அழுதுகொண்டு போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அர்ச்சனை என்பது உயிரோடு இருக்கிறவர்களுக்குச் செய்வது. செத்தவர்களுக்குத் திதி இருக்கிறது, தர்ப்பணம் இருக்கிறது. பெயரும் நட்சத்திரமும் சொல்லி ஆயுசு கேட்கிற வழக்கம் இல்லை. மூன்று தலைமுறையாக அந்த மலைக்குப் பூக்கட்டிய குடும்பத்துப் பிள்ளைக்கு இது தெரியாதா? ஒரு நிமிஷம் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நான் சொன்னதில் பாதி பள்ளத்துப் பக்கம் போயிருக்குமோ? பிறந்ததும் பெயரும் அவன் காதில் விழுந்து, பதினோராம் நாள் விழாமல் போயிருக்குமோ? என் மகள் இருக்கிறாள் என்றே நினைத்துவிட்டானோ?

பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டும்போது விடை கிடைத்தது. அப்படி நினைத்திருந்தால் பத்து வருடத்தில் ஒரு தடவையாவது கேட்டிருப்பானே. மகள் எப்படி இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாளா என்று. என் பையன்களுக்குக் காய்ச்சல் என்றால் தினம் கேட்கிறவன், அன்னக்கொடியைப் பற்றி ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று தெரிந்ததனால்தான் கேட்கவில்லை. எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. தெரிந்தே, முறை தவறு என்று தெரிந்தே, குருக்களிடமும் பெண்சாதியிடமும் உயிரோடு இருக்கிற பிள்ளை என்று சொல்லி, வருடா வருடம் அவளுக்கு ஆயுசு கேட்டிருக்கிறான். என் வீட்டில் பதினோரு நாள் இருந்தவள் அவன் வீட்டில் பதின்மூன்று வயது வரைக்கும் வளர்ந்துவிட்டாள். அவனைப் போய் நான் நாலு மாதம் கோபித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது சாயந்தரம். சண்முகவள்ளி முற்றத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பொட்டலத்தை அவளிடம் நீட்டினேன். பழனி விபூதியா என்று கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பிரிக்கப் போனவள் காகிதத்தின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்து நிறுத்தினாள். அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அன்-னக்-கொ-டி, ரே-வ-தி என்று விரலை வைத்துப் படித்தாள். அந்தப் பெயரை எழுத்தில் நானும் அப்போதுதான் பார்க்கிறேன், என் மகளுக்கென்று இன்னொரு வாய் சொல்லிக் கேட்பதும் அன்றைக்குத்தான்.

"இது யாரு?"

"நம்ம மூத்தவ. நான் வச்சிருந்த பேரு. ஒன்கிட்டச் சொல்லல."

அவள் மறுபடி அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"இத்தன வருசமாப் பேரு தெரியாமயே கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

விபூதியில் ஒரு துளி எடுத்து என் நெற்றியில் பூசினாள். பிறகு தன் நெற்றியில் பூசிக்கொண்டாள். மிச்சத்தை அப்படியே மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, மறுபடி புளியை எடுத்தாள்.

மறுநாள் மேனேஜரைப் பார்த்து எனக்குக் கீழ்ரோடு வேண்டாம் என்றேன். மூட்டத்தில் ஓட்டுவாயா என்றார். ஓட்டுவேன் என்றேன். ஒரு வாரம் பார்க்கிறேன் என்றார்.

அந்த வாரத்திலேயே ஊத்துக்கு மேலே மூட்டம் இறங்கியது. மலை போயிற்று, மரம் போயிற்று. மயில்சாமியின் முதுகில் துண்டை விரித்து இரண்டு ஊக்கையும் நானே குத்தினேன். அவன் மட்கார்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டு முன்னால் போனான். துண்டு மேலே ஏற ஆரம்பித்தது. நான் தலையை வெளியே நீட்டினேன். முகத்தில் ஈரம் வந்து ஒட்டியது. எப்போதும் அந்த நேரத்துக்கு ஒரு குரல் வரும், அதற்காகக் கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு நானாகவே ஆரம்பித்தேன்.

"சேனாதிபதி, சண்முகவள்ளிகிட்டச் சொல்லிட்டேன்ப்பா" என்றேன்.

பாறைப் பக்கம் போனது திரும்பி வந்தது. பள்ளத்துப் பக்கம் போனதை அவன் கேட்டுக்கொள்வான் என்று, கொடைக்கானல் வரைக்கும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனேன்.